பிடிபட்ட பிளஃப்: எங்கே உடைந்தது என்று பார்ப்பது எப்படி?

போக்கர் ஆட்டம். ரிவரில் (கடைசிப் பொதுச் சீட்டு விழுந்த பிறகு) நல்ல கை இருப்பது போலக் காட்டி பிளஃப் பெட் வைத்தாயிற்று. எதிராளி கால் செய்தார், அதாவது அதே தொகையைக் கட்டி நின்றார். கையில் ஒன்றுமில்லை, பாட் (நடுவில் சேர்ந்த பணம்) போயிற்று. அடுத்த நொடி மனசுக்குள் ஓடுவது பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான்: "இவன்கிட்ட இனிமே பிளஃப்பே கூடாது", இல்லையென்றால் "இந்தக் கையை வச்சுக்கிட்டா கால் பண்ணுவான், மடையன்". இரண்டுமே ஷோடவுனில் (கடைசியில் கை காட்டும்போது) திறந்த அந்த இரண்டு சீட்டைப் பார்த்துச் சொல்லும் தீர்ப்பு. பிளஃப் சரியா தப்பா என்பது அந்த இரண்டு சீட்டில் இல்லை. அதே வழியில் ஆடி அந்த ரிவருக்கு அவர் எந்தெந்தக் கையோடெல்லாம் வந்திருக்கலாம், அதில் எவ்வளவு பங்கு ஃபோல்ட் ஆகும் (சீட்டைப் போட்டுவிட்டு விலகும்) என்று எண்ணினால்தான் விடை கிடைக்கும். எண்ணுவதற்குப் பள்ளிக்கூடக் கூட்டல் கழித்தல் போதும். ஆனால் ஆட்டம் முடிந்த பிறகு உட்கார்ந்து எண்ண வேண்டும், அதைத்தான் பலரும் செய்வதில்லை.

முதலில் விலை. பிளஃப் நஷ்டமில்லாமல் நிற்க எத்தனை சதவீதம் ஃபோல்ட் வேண்டும் என்பதற்குச் சூத்திரம் ஒன்றே: பெட்டை, பெட்டும் பாட்டும் சேர்ந்த தொகையால் வகுக்க வேண்டும். பாதி பாட் வைத்தால் 33%, மூன்றில் இரண்டு பங்கு வைத்தால் 40%, முழுப் பாட் வைத்தால் 50%, ஒன்றரை மடங்கு என்றால் 60%, இரண்டு மடங்கு என்றால் 67%. இதிலேயே ஒரு விஷயம் தெரிந்துவிடும். பாட் அளவு பிளஃப் இரண்டுக்கு ஒன்று பிடிபட்டாலும் கைக்காசு போகாது. பாதி பாட் பிளஃப் மூன்றில் இரண்டு முறை பிடிபடலாம். "என் பிளஃப் பிடிபட்டதே இல்லை" என்று ஒருவர் சொன்னால் அவர் கெட்டிக்காரர் என்று அர்த்தமில்லை, பிளஃப் போதவில்லை என்று அர்த்தம்.

இங்கே பேசுவது ஆறு பேர் மேசையில் ஆடும் நோ-லிமிட் ஹோல்டெம் (ஆளுக்கு இரண்டு மறைச் சீட்டு, மேசையில் ஐந்து பொதுச் சீட்டு), 5 சென்ட்/10 சென்ட் போன்ற சின்ன ஸ்டேக் (பந்தய அளவு). இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் சொன்னது உண்மைதான். ஆனால் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எல்லாவற்றையும் தடை செய்கிறது. ஆகவே கீழே வரும் கணக்கைப் பணத்தோடு சோதிக்கும் வசதி கனடாவின் ஒன்டாரியோ, பிரிட்டன் மாதிரி உரிமம் கொடுத்து நடத்தும் இடங்களில் இருப்பவர்களுக்குத்தான். பிளே மணி மேசையில் பிளஃப் பழகலாமே என்றால், வேண்டாம். ஓசிச் சிப்பை யாரும் ஃபோல்ட் பண்ண மாட்டார்கள், தப்பான பாடம்தான் ஏறும்.

இனி ஒரு கை. அளவெல்லாம் பிக் பிளைண்ட் கணக்கில் (சீட்டு வரும் முன்பே ஒருவர் கட்டாயமாக வைக்கும் தொகை; ஸ்மால் பிளைண்ட் அதில் பாதி).

நாம் பட்டனில் (ஃப்ளாப்பிலிருந்து கடைசியாகப் பேசும் இடம்), ஹார்ட் குயின், ஹார்ட் பத்து. 2.5-க்கு ரெய்ஸ் (தொகையை ஏற்றுவது). ஸ்மால் பிளைண்ட் ஃபோல்ட், பிக் பிளைண்ட் கால். பாட் 5.5. ஃப்ளாப் (முதல் மூன்று பொதுச் சீட்டு): ஹார்ட் கிங், ஹார்ட் எட்டு, கிளாவர் மூன்று. அவர் செக் (பெட் வைக்காமல் விடுவது), நாம் 2 பெட், அவர் கால். பாட் 9.5. டர்ன் (நான்காவது சீட்டு): டைமண்ட் இரண்டு. செக், நாம் 7 பெட், கால். பாட் 23.5. ரிவர்: ஸ்பேட் இரண்டு. அவர் செக். நாம் 18 பெட். அவர் கால் செய்து கிங்–ஒன்பது காட்டுகிறார்.

எங்கே உடைந்தது? கடைசியில் பிடிபட்டது என்பதற்காகத் தொடக்கத்திலிருந்து எல்லாமே தப்பு என்று முடிவு கட்டுவது வழக்கமான கோளாறு. ஒவ்வொரு தெருவையும் (பெட் சுற்றையும்) தனியாகப் பார்க்க வேண்டும். ஃப்ளாப்பில் 5.5 பாட்டுக்கு 2 பெட் வைத்தோம். 27% ஃபோல்ட் போதும், கையில் ஃப்ளஷ் டிராவும் இருக்கிறது (இன்னொரு ஹார்ட் வந்தால் ஐந்தும் ஒரே ஜாதி). தாராளமாக வைக்கலாம். டர்னில் 9.5-க்கு 7. வெறும் கை என்றால் 42% ஃபோல்ட் தேவை. ஆனால் நமக்கு 46 சீட்டில் 9 அவுட் (நம்மை ஜெயிக்க வைக்கும் சீட்டு), அதாவது 19.6%. கால் வந்தாலும் ஐந்தில் ஒரு முறை நாமே ஜெயிப்போம் என்பதால், ரிவரில் வேறு பெட் எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டாலே, தேவையான ஃபோல்ட் 42%-லிருந்து சுமார் 20%-க்கு இறங்கிவிடுகிறது. டர்ன் பெட்டிலும் தப்பில்லை.

ஆக, விசாரிக்க வேண்டியது ரிவர் மட்டும்தான். 23.5 பாட்டுக்கு 18 வைத்தோம். 18 வகுத்தல் 41.5, அதாவது 43.4% ஃபோல்ட் வேண்டும். இப்போது அவருடைய கைகளை எண்ணுவோம். ஏஸ்–கிங், ஒரே ஜாதி கிங்–குயின் ஆகியவற்றை அவர் தொடக்கத்திலேயே திருப்பி ரெய்ஸ் செய்திருப்பார் என்று விட்டுவிடலாம். மிச்சக் கிங்குகள்:

வேறு வேறு ஜாதி கிங்–குயின் 6 காம்போ (இரண்டு சீட்டுச் சேர்க்கை), கிங்–ஜாக் 12, கிங்–பத்து 9, ஒரே ஜாதி கிங்–ஒன்பது 3, ஒரே ஜாதியில் கிங்–ஏழு முதல் கிங்–நான்கு வரை 12. மொத்தம் 42.

செட்டும் (ஒரே எண்ணில் மூன்று) இரண்டு ஜோடியும் (எட்டு–எட்டு, மூன்று–மூன்று, ஒரே ஜாதி கிங்–எட்டு) 9. எட்டு ஜோடி வைத்திருக்கும் கைகள் (ஏஸ்–எட்டு, பத்து–எட்டு, ஒன்பது–எட்டு, எட்டு–ஏழு, எல்லாம் ஒரே ஜாதி) 12. ஒன்பது–ஒன்பது 6. கடைசியாக, சீட்டு வராமல் போன ஹார்ட் டிராக்கள். ஏஸ் உள்ளவை ஐந்து, ஏஸ் இல்லாதவை பதினொன்று என்று ஒரு நியாயமான பட்டியல் போட்டால் 16 வரும். ஆனால் குயினும் பத்தும் நம் கையில் இருக்கின்றன. குயின்–ஜாக், குயின்–பத்து, குயின்–ஒன்பது, ஜாக்–பத்து, பத்து–ஒன்பது ஆகிய ஐந்து கைகள் அவரிடம் இருக்கவே முடியாது. மிச்சம் 11.

கூட்டினால் 80. கிங்கோ செட்டோ வைத்திருப்பவர் எவரும் போட மாட்டார் (ஃபோல்ட் செய்ய மாட்டார்), மற்ற எல்லாரும் போட்டுவிடுவார்கள் என்று நமக்குச் சாதகமாகவே வைத்துக்கொள்வோம். 12, 6, 11 சேர்த்து 29. எண்பதில் 29 என்றால் 36%. தேவை 43%. ஒவ்வொரு முறையும் சுமார் 3 பிளைண்ட் போகிறது. கிங்–ஒன்பதுக்குப் பதில் அவரிடம் எட்டு ஜோடி இருந்து ஃபோல்ட் ஆகியிருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. அன்றைக்கு ஜெயித்திருப்போம், பிளஃப் அப்போதும் தப்பாகவே இருந்திருக்கும்.

பலர் கவனிக்காமல் விடும் இன்னொரு வரி உண்டு. செக் செய்தால் நமக்குப் பூஜ்யம் என்று நினைத்துக்கொள்கிறோம். இல்லை. அவருடைய 11 ஹார்ட் கைகளில் ஏஸ் இல்லாத 6 கைகளை (ஜாக்–ஒன்பதிலிருந்து ஐந்து–நான்கு வரை) நம் குயின் அடிக்கும். கடைசியாகப் பேசுவது நாம்தான், செக் செய்தால் நேரே ஷோடவுன். எண்பதில் 6 முறை 23.5 நமக்கு வரும். சராசரியாக 1.8 பிளைண்ட். அதையும் சேர்த்தால் அந்த ரிவர் பெட்டின் உண்மையான விலை 3 அல்ல, 4.7. இந்த ஸ்டேக்கில் நன்றாக ஆடுபவர் நூறு கைகளில் சம்பாதிப்பதே இந்த மாதிரித் தொகைதான்.

ஆனால் இதோடு நிறுத்தினால் பாதிப் பாடம்தான். பட்டியலில் ஒரு வரியைத் திரும்பப் பாருங்கள்: கிங்–ஏழு முதல் கிங்–நான்கு வரை உள்ள 12 காம்போ. எதிராளி நிதானமாக ஆடுபவர், மூன்றாவது பெட்டுக்கு நோஞ்சான் கிங்கைப் போடத் தெரிந்தவர் என்றால், ஃபோல்ட் 29-லிருந்து 41 ஆகிறது. எண்பதில் 41 என்றால் 51%. இப்போது அதே பெட் 3.3 பிளைண்ட் லாபம், செக் செய்தால் கிடைக்கும் 1.8-ஐ விட மேல். கை மாறவில்லை, போர்டு (மேசையிலுள்ள பொதுச் சீட்டுகள்) மாறவில்லை, பெட் அளவும் மாறவில்லை. தீர்ப்பு மட்டும் தலைகீழாகிவிட்டது. ஒவ்வொரு பிளஃப்பிலும் இப்படி ஓர் அச்சாணி உண்டு. சில காம்போக்கள் போகுமா நிற்குமா என்பதில்தான் மொத்தமும் தொங்கும். பிடிபட்ட பிளஃப்பை அலசும்போது தேட வேண்டியது அந்த அச்சாணிக் கைகளை. அடுத்த முறை மேசையில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் அதுவே: "இவர் நோஞ்சான் கிங்கைப் போடுவாரா?" சின்ன ஸ்டேக்கில் பெரும்பாலானவர்கள் போட மாட்டார்கள் என்பதே நடப்பு.

பிளாக்கர் (நம்மிடம் இருப்பதால் எதிராளிக்குச் சில கைகளை அடைத்துவிடும் சீட்டு) விஷயத்தில் ஒரு மூடநம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. ஃப்ளஷ் டிரா வராமல் போனால் அந்தக் கையைத்தான் பிளஃப்புக்கு எடுக்க வேண்டும், அதற்கு வேறு கதி இல்லை என்று. மேலே பார்த்தபடி, நம்மிடம் இருக்கும் இரண்டு ஹார்ட்டும் அவர் போடக்கூடிய கைகளையே குறைக்கின்றன. அந்தப் போர்டில் ஸ்பேட் ஐந்து–நான்கு இருந்தால் அவருடைய 16 ஹார்ட் கைகளும் முழுசாக அப்படியே இருக்கும். டர்னில் நேர் வரிசைக்கு இரு பக்கமும் திறந்திருந்த கை, ரிவரில் ஷோடவுனுக்கு எந்த மதிப்பும் இல்லை, செக் செய்து இழக்க எதுவும் இல்லை. பிளஃப் செய்தே தீர வேண்டுமென்றால் அதுதான் சரியான கை. ஃப்ளஷ் விழுந்துவிட்ட போர்டில் கதை நேர்மாறு. அங்கே அந்த ஜாதி ஏஸ் ஒன்று மட்டும் நம் கையில் இருந்தால் அவரிடம் உச்ச ஃப்ளஷ் இருக்க முடியாது. அது நல்ல பிளாக்கர். ஒரே வரியில்: கால் செய்யும் கையை அடைக்கும் சீட்டு வேண்டும், ஃபோல்ட் ஆகும் கையை அடைக்கும் சீட்டு வேண்டாம்.

பிளஃப் உடையும் இன்னொரு இடம், சொல்லும் கதை. ஃப்ளாப்பில் செக், டர்னில் செக், ரிவரில் ஒன்றுக்கும் உதவாத சீட்டு விழுந்ததும் திடீரென்று ஒன்றரைப் பாட். இப்படி ஆடும் நல்ல கை உங்களிடம் எது? பெயர் சொல்லிப் பட்டியல் போடுங்கள். மூன்று நான்கு காம்போவுக்கு மேல் தேறவில்லை என்றால், யோசிக்கத் தெரிந்த எதிராளியும் அதே பட்டியலைத்தான் போட்டுப் பார்த்திருப்பார். முழுப் பாட் பெட்டுக்கு இரண்டு நல்ல கைக்கு ஒரு பிளஃப், பாதி பாட்டுக்கு மூன்றுக்கு ஒன்று என்பது கணக்கு. மேலே பார்த்த ஆட்டத்தில் பட்டனுக்கு ஏஸ்–கிங் 12, கிங்–குயின் 12, ஏஸ்–ஏஸ் 6, கிங்–கிங், எட்டு–எட்டு, மூன்று–மூன்று தலா 3, ஆக 39 நல்ல காம்போ. 18 அளவுக்கு அது சுமார் 17 பிளஃப்பைத் தாங்கும். பட்டனில் ஆடும் ஒரே ஜாதி ஹார்ட் கைகளை மட்டும் எண்ணினாலே அதைத் தாண்டிவிடும். வராமல் போன ஒவ்வொரு டிராவையும் சுட்டுக்கொண்டே இருப்பவர் பிடிபடுவது துரதிர்ஷ்டத்தால் அல்ல.

இரண்டு பேருக்கு எதிரான பிளஃப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒவ்வொருவரும் 60% போடுவார் என்றால் இருவரும் சேர்ந்து போடுவது 36%, மூவர் என்றால் 22%-க்கும் கீழே. உங்கள் ஆட்டப் பதிவில் இந்த வகை நஷ்டம் நிறைய இருந்தால் அதற்கு அலசல் தேவையில்லை, நிறுத்தினால் போதும்.

ஆன்லைனில் முகம் தெரியாது, ஆனால் கடிகாரம் தெரியும். பெட் வைத்த அரை நொடியில் கால் வந்தால், அவர் முடிவை டர்னிலேயே எடுத்துவிட்டார். அளவை எவ்வளவு ஏற்றியிருந்தாலும் அந்தக் கை நின்றிருக்கும். டைம் பேங்க் (யோசிக்கத் தரும் கூடுதல் நேரம்) முழுதும் கரைந்து கடைசியில் வந்த கால் என்றால் பிளஃப் விளிம்பைத் தொட்டிருக்கிறது. அளவோ சீட்டோ கொஞ்சம் மாறியிருந்தால் விழுந்திருக்கும். இரண்டையும் ஒரே மாதிரித் தோல்வியாகக் குறித்துவைக்கக் கூடாது. ஒரே எச்சரிக்கை: நாலைந்து மேசை ஒன்றாக ஆடுபவரின் தாமதத்துக்கு அர்த்தமே கிடையாது, அவர் வேறு ஜன்னலில் இருந்திருப்பார். போக்கர்ஸ்டார்ஸ் போன்ற தளங்களில் ஷோடவுனில் காட்டாமல் மறைத்த கையும் ஹேண்ட் ஹிஸ்டரி (ஆடிய கைகளின் பதிவு) கோப்பில் எழுத்தாகப் பதிவாகும். மேசையில் தெரியாததை அங்கே போய்ப் பார்க்கலாம்.

எதிராளியின் எண்களில் பிளஃப்புக்கு முக்கியமானது, ஃப்ளாப் பார்த்த பிறகு எத்தனை சதவீதம் ஷோடவுன் வரை போகிறார் என்பது. வழக்கமாக நன்றாக ஆடுபவர்கள் 25-லிருந்து 30-க்குள் இருப்பார்கள். 35-ஐத் தாண்டியவரிடம் ரிவரில் பூச்சாண்டி காட்டுவது வீண். அவருக்கு எதிராக உங்களுக்கு நல்ல கை வரும்போது பெரிதாக வையுங்கள், அவ்வளவுதான். ஆனால் இந்த எண் நிலைபெறப் பல நூறு கைகள் வேண்டும். எத்தனை கைக்கு உள்ளே வருகிறார் என்ற எண் நாற்பது ஐம்பது கையிலேயே ஓரளவு தெரிந்துவிடும். சிப் போட்டு எல்லாக் கைக்கும் உள்ளே வந்து, ரெய்ஸ் மட்டும் அரிதாகச் செய்பவர் என்றால் மற்ற எண்ணுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. ஜிஜிபோக்கர் தளத்தில் வெளி மென்பொருளின் எண்கள் மேசையில் ஓடக் கூடாது. அங்கே தளத்தின் சொந்தப் புள்ளிவிவரக் கருவியான போக்கர்கிராஃப்ட்டோடு திருப்திப்பட வேண்டியதுதான்.

பதிவை அலசும்போது எல்லாரும் செய்யும் தப்பு, பிடிபட்ட பிளஃப்பை மட்டும் எடுத்துப் பார்ப்பது. அது வலிக்கிறது, அதனால் நினைவில் நிற்கிறது. ஜெயித்த பிளஃப் சத்தமில்லாமல் சிப்பைத் தள்ளிவிட்டுப் போய்விடுகிறது. ஆட்டப் பதிவை அலசும் மென்பொருள்களான போக்கர்டிராக்கர் 4, ஹோல்டெம் மேனேஜர் 3 இரண்டிலும், "ரிவரில் பெட் வைத்தது, கையில் ஜோடிகூட இல்லை" என்று வடிகட்டினால் பிடிபட்டதும் ஜெயித்ததும் சேர்ந்து வரும். அதில் சராசரி அளவு மூன்றில் இரண்டு பாட், மொத்தம் 60 பிளஃப், ஜெயித்தது 25 என்று வைத்துக்கொள்வோம். 42%. தேவை 40%. லாபம் போலத் தெரியும். ஆனால் 60 தடவையில் தற்செயல் மட்டுமே 12 சதவீதப் புள்ளி வரை இங்கேயும் அங்கேயும் இழுக்கும். உண்மையான எண் 30 ஆகவும் இருக்கலாம், 54 ஆகவும் இருக்கலாம். ஆகவே மொத்த எண்ணை நம்பாமல் கூறு போட்டுப் பார்ப்பதே பயன் தரும்: பொசிஷன் (எதிராளிக்குப் பின் பேசும் வசதி) உள்ளவை, இல்லாதவை, முழுசாக மூன்று தெருவும் பெட் வைத்தவை, திடீரென்று ரிவரில் கிளம்பியவை, பழக்கமான ஆட்டக்காரர், புதியவர். எந்தக் கூறில் நஷ்டம் குவிகிறதோ அதிலிருந்து பத்துக் கையை எடுத்து, மேலே செய்தது போலக் காம்போ எண்ணலாம். நஷ்டத்தில் பெரும்பகுதி ஒன்றிரண்டு கூறில்தான் கிடக்கும்.

இந்த எண்ணும் முறைக்குப் பின்னால் பெரிய பரம்பரை இருக்கிறது. 2007-ல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் உருவான ஒரு கணிப்பு முறை, ஒவ்வொரு முடிவையும் "இதற்குப் பதில் வேறு செய்திருந்தால் எவ்வளவு வந்திருக்கும்" என்று அளந்து, அந்த வருத்தத்தின் அளவுக்கு அடுத்த முறை பழக்கத்தை மாற்றிக்கொள்ளும். அதன் வழித்தோன்றல்கள்தான் 2017-ல் பிட்ஸ்பர்க்கில் 1,20,000 கைகளில் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களைத் தோற்கடித்த லிப்ராடஸ், 2019-ல் ஆறு பேர் மேசையில் வென்ற ப்ளூரிபஸ். இந்த இயந்திரங்களுக்குப் பிளஃப் என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தமக்குத்தாமே ஆடி, பிடிபட்டுப் பிடிபட்டு, எந்தக் கையோடு எவ்வளவு அடிக்கடி என்று கண்டுகொண்டன. மனிதருக்கும் அவற்றுக்கும் வித்தியாசம், அவை வருத்தத்தை எதிராளி காட்டிய ஒரு கையை வைத்து அளப்பதில்லை. அந்த இடத்தில் இருக்கக்கூடிய எல்லாக் கைகளுக்கும் எதிராக அளக்கின்றன.

பியோசால்வர், ஜிடிஓ விசார்ட் போன்ற சால்வர்களில் (சரியான ஆட்டத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் மென்பொருள்) அதே கையைப் போட்டுப் பார்க்கலாம். ஆட்டம் முடிந்த பிறகு மட்டும். ஆடும்போதே பக்கத்தில் ஓடவிட்டால் தளத்தில் உங்கள் கணக்கு முடக்கப்படும். ஒரு பொறி உண்டு. சால்வர் முதலில் காட்டும் விடை, எதிராளியும் சால்வர் போலவே ஆடுவார் என்ற அனுமானத்தில் வருவது. அங்கே அவர் நோஞ்சான் கிங்கைக் கணிசமாகப் போடுவார், நம் பிளஃப்பும் ஓடும். அதைப் பார்த்துவிட்டு "நான் ஆடியது சரிதான்" என்று மூடிவிடுபவர்கள் நிறைய. நோட் லாக் என்ற வசதியைத் திறந்து, ரிவரில் எந்தக் கிங்கும் ஃபோல்ட் ஆகாது என்று எதிராளியின் செயலைப் பூட்டி, மறுபடி ஓட்டுங்கள். பிளஃப் எல்லாம் செக்குக்கு மாறிவிடும், ஏஸ்–கிங் வைக்கும் பெட் பெரிதாகும், கிங்–ஜாக்கும் மூன்றாவது முறை பெட் வைக்கத் தொடங்கும். அந்த மேசைக்குத் தேவையான விடை அந்த இரண்டாவது ஓட்டத்தில் வருவதுதான்.